புகைக்குழாயில் சந்தனப் பொட்டு

தில்லியில் எங்கள் ஜனக்புரி பிளாக்கில் சந்திரமௌலி வீடு எது என்று கேட்டால், வாசல் காவல்காரன் "ஹவாயி ஜஹாஸ்வாலே அங்கிள்" என்று சொல்லி மாடியைக் காட்டுவான். விமானம் கட்டுகிற மாமா. சொல்லும்போது அவன் முகத்தில் ஒரு சிரிப்பு இருக்கும். அந்தச் சிரிப்பு எனக்கும் நெடுநாள் இருந்தது. நான் கீழ்த்தளம், அவர் என் தலைக்கு மேல். வங்கியில் மாடாய் உழைத்து ஓய்வு பெற்றவள், மதியம் சாப்பிட்டுக் கண்ணயரும் நேரம் பார்த்து மேலே ரம்பம் அறுக்க ஆரம்பித்தால் எப்படியிருக்கும்? படியேறிப் போய்ச் சண்டை போட்டேன். எங்கள் பழக்கமே அப்படித்தான் தொடங்கியது.

மௌலி கும்பகோணத்துப் பக்கத்துக்காரர். ஒரு அமைச்சகத்தில் கிளார்க்காகச் சேர்ந்து செக்ஷன் ஆபீசராக ரிடையர் ஆனவர். வாழ்நாள் முழுக்கக் கோப்புகளில் 'பரிசீலிக்கலாம்' என்று எழுதிய அந்தக் கைக்கு விமானம் கட்டும் ஆசை எங்கிருந்து வந்ததோ, எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஐம்பது தாண்டிய பிறகு ஹரியானாவில் ஒரு பயிற்சி நிலையத்தில் ஓட்டக் கற்றுக்கொண்டு லைசென்ஸ் வாங்கினார். பிறகு வெளிநாட்டிலிருந்து வரைபடம் தருவித்து, இரண்டு பேர் உட்காரும் சின்ன விமானம் ஒன்றை வீட்டிலேயே கட்டத் தொடங்கினார். மரச்சட்டம், அலுமினியக் குழாய், துணி, இவ்வளவுதான் அது. வால் பகுதி என் வீட்டுப் பின்முற்றத்தில் கிடந்தது; அதன்மேல் நான் வடகம் காயப் போட்டிருக்கிறேன். இறக்கையைப் படுக்கையறையில் வைத்துக் கட்டினார். கட்டி முடித்த பிறகுதான் அது கதவு வழியாக வெளியே போகாது என்று தெரிந்தது. பால்கனிக் கம்பியை அறுத்து, கயிறு கட்டி, பிளாக்கே கூடி நின்று ஆளுக்கொரு யோசனை சொல்ல, கீழே இறக்கினோம். தாங்கிப் பிடித்தவர்களில் நானும் ஒருத்தி. ஆழம் தெரியாமல் காலை விட்ட மனிதர் என்று அன்றைக்கு வாய்விட்டுச் சிரித்தேன். அவரும் சேர்ந்து சிரித்தார்.

இந்தக் கூத்துக்கெல்லாம் ஈடுகொடுத்தவள் அவர் மனைவி ஹம்சா. மந்திர் மார்க் தமிழ்ப் பள்ளியில் சின்ன வகுப்புகளுக்குப் பாடம் எடுத்தவள். ஒரு காலத்தில் அவள் மாடியில் பேசினால் எனக்குக் கீழே கேட்கும். படுக்கையறையை இறக்கைக்குக் கொடுத்துவிட்டு ஹாலில் பாய் போட்டுப் படுத்தாள். துணி ஒட்டும் பசை நாற்றத்தில் நின்று சமைத்தாள். உனக்குக் கோபமே வராதா என்று கேட்டால், வேறொரு பொம்மனாட்டி பின்னால் போகாமல் ஏரோப்ளேன் பின்னால்தானே போகிறார் என்பாள். எனக்குத்தான் அவளுக்கும் சேர்த்துக் கோபம் வந்தது.

அவளுக்கு முதலில் இருமல் வந்தது. தில்லியில் யாருக்கு இருமல் இல்லை, தீபாவளி முடிந்தால் ஊரே இருமுகிறது என்று விட்டுவிட்டோம். பிறகு மாடிப்படியில் பாதியில் நிற்க ஆரம்பித்தாள். நுரையீரல் கொஞ்சம் கொஞ்சமாக இறுகிப் போகிற வியாதி என்றார் டாக்டர். குணமாகாது, மெதுவாக்கலாம் என்றார். முடிந்தால் இந்த ஊர்க் காற்றை விட்டுப் போங்கள் என்றும் சொன்னார். அந்தப் பசையும் அவள் நெஞ்சுக்கு நல்லது செய்திருக்காது. இதை டாக்டர் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். மகள் அபூர்வா ஹைதராபாத்தில் இருந்தாள். இருவரையும் வரச்சொல்லிக் கெஞ்சினாள். ஹம்சா போக மறுத்துவிட்டாள் என்று மௌலி சொல்வார். அவருக்காக மறுத்தாள் என்று நான் சொல்வேன். பாதி கட்டிய விமானத்தை விட்டுவிட்டு அவர் வரமாட்டார் என்பது அவளுக்குத் தெரியாதா?

ஒரு நவம்பர் மாதம், எதிர்வீட்டு மாடிகூடத் தெரியாத அளவுக்குப் புகை இறங்கியிருந்த நாளில், ஜன்னலைத் துணியால் அடைத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவள் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பேசினாள்.

"இந்தப் புகைக்கு மேல வெயிலடிக்கறதாமே காந்தி. அவர் சொன்னார். ஒரே ஒரு தடவை அங்க போய் உக்காந்துண்டு, நன்னா ஒரு மூச்சு விட்டுப் பாத்துட்டு வந்துடணும். அப்பறம் என்ன ஆனாலும் சரி."

அவளுடைய கோளாறு காற்றில் மட்டும் இல்லை, மார்புக்குள்ளேயே இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். இருந்தாலும் அந்த ஆசையை அவள் விடவில்லை. மௌலி அதைப் பிடித்துக்கொண்டார். அதுவரை பொழுதுபோக்காகக் கட்டிக்கொண்டிருந்த மனிதர் அன்றிலிருந்து பேய் பிடித்தவராக வேலை செய்தார். அடுத்த புகைக் காலத்தில் ஹம்சாவைப் பக்கத்து இருக்கையில் உட்கார வைத்து மேலே கொண்டுபோக வேண்டும். டாக்டரைக் கேட்டார்கள். அதிக உயரம் கூடாது, அதிக நேரம் கூடாது, போவதானால் சீக்கிரம் போய்விட்டு வாருங்கள், அதற்கடுத்த குளிருக்கு நான் எதுவும் சொல்வதற்கில்லை என்றார் அவர். நான் மௌலியைக் கேலி செய்வதை அத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

அடுத்த புரட்டாசிக்குள் விமானம் ஹரியானாவில் ஒரு சின்ன ஓடுதளத்தின் கொட்டகைக்குப் போய்ச் சேர்ந்து, இறக்கை பூட்டி, இன்ஜினும் வைத்தாகிவிட்டது. மீதி இருந்த முக்கியமான வேலை புகைக்குழாய். மௌலி சொல்லி எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். இன்ஜினிலிருந்து புகை வெளியே போகிற குழாய் பழுக்கக் காய்கிறது. மோட்டார் சைக்கிளில் அது வெளியே காற்றில் இருக்கிறது. விமானத்தில் மூடிய மூக்குக்குள், பெட்ரோல் குழாய்க்கும் ஒயருக்கும் பக்கத்திலேயே இருக்கிறது. அதனால் குழாய்க்குச் செராமிக் கோட்டிங் கொடுக்கிறார்கள். பெயிண்ட் அடிப்பது போல் அடித்து, அடுப்பில் வைத்துச் சுட்டால், பீங்கான் மாதிரி ஒரு தோல் பிடித்துக்கொள்ளும். சூடு குழாய்க்குள்ளேயே ஓடி வெளியே போய்விடும். பிளாஸ்க் மாதிரியா என்று கேட்டேன். கிட்டத்தட்ட அப்படித்தான் என்றார்.

இன்னொன்றும் இருந்தது. ஹம்சாவுக்குக் குளிர்காற்று ஆகாது. ஒரு வாய் குளிர்காற்று உள்ளே போனால் அரைமணி நேரம் இருமுவாள். அதற்காக மௌலி அந்தக் குழாயின் ஒரு பகுதிக்குத் தகட்டில் உறை போட்டார். வெளிக்காற்று அந்த உறைக்குள் போய், குழாயின் சூட்டை வாங்கிக்கொண்டு, இருக்கைக்கு முன்னால் இதமாக வந்து விழும். வரைபடத்தில் அது இல்லை. அவளுக்காகவே அவர் யோசித்துச் செய்தது. அந்த இடத்துக்கு வெளிப்பூச்சு வேண்டாமே, சூடு வெளியே வரணுமே என்று கோட்டிங் போடுகிறவன் கேட்டானாம். துருப்பிடித்துவிடும், மெல்லிசாக அடி என்று மௌலி சொல்லிவிட்டார்.

கோட்டிங் போடுகிறவன் ராஜவேல். மாயாபுரியில் ஒரு ஷட்டர் கடை. மோட்டார் சைக்கிள் சைலன்சரைப் பளபளக்க வைப்பதுதான் அவன் பிழைப்பு. பெற்றவர்கள் கள்ளக்குறிச்சிப் பக்கம். இவன் பிறந்து வளர்ந்ததெல்லாம் ஜங்புராவில் பாராபுல்லா நாலா என்கிற சாக்கடைக் கால்வாய் ஓரம், மதராசி கேம்ப் குடிசைப் பகுதியில். மௌலி அவனைத் தேடிப் பிடித்தது கைத்திறனுக்காக மட்டும் இல்லை, தமிழ் பேசுவான் என்பதற்காகவும்தான். விமானத்துக்கு அவன் அதுவரை போட்டதில்லை. ஆசையாக ஒப்புக்கொண்டான்.

குழாயின்மேல் மணலை வேகமாக ஊதி, பழைய அழுக்கெல்லாம் போக்கி, சொரசொரப்பாக்கிய பிறகுதான் கோட்டிங் பிடிக்கும். ஊதின கையோடு அடித்துவிட வேண்டும். நடுவில் கைபடக்கூடாது, விரலில் இருக்கும் எண்ணெய்ப் பசை போதும், அந்த இடத்தில் ஒட்டாது. ராஜவேல் மணல் ஊதி முடித்தபோது இருட்டிவிட்டது. மறுநாள் ஆயுத பூஜை. மாயாபுரியில் மற்ற எல்லோரும் செப்டம்பரிலேயே விஸ்வகர்மா பூஜையை முடித்துவிட்டு அன்றைக்கு வழக்கம்போல் வேலை செய்வார்கள். ராஜவேல் கடை மட்டும் மூடியிருக்கும். அவன் அம்மா அப்படிப் பழக்கியிருந்தாள். கருவிகளுக்குச் சந்தனம் குங்குமம் வைத்த பிறகு விஜயதசமி காலையில்தான் எடுக்க வேண்டும்.

நியாயமாக அந்தக் குழாய் கடையிலேயே துணி சுற்றிக் கிடந்திருக்க வேண்டும். ஹம்சா கேட்டாள். விமானத்தில் பெரியதெல்லாம் ஹரியானாவில் இருக்கிறது. இதையாவது வீட்டுக்குக் கொண்டுவாருங்கள், பூஜையில் வைத்துவிட்டு விஜயதசமியன்றைக்குக் கோட்டிங்குக்குக் கொடுங்கள், அன்று தொடங்கினால் நல்லபடியாக முடியும் என்றாள். மௌலி மறுக்கவில்லை. வெள்ளைத் துணியில் சுற்றிக் குழந்தையைத் தூக்கிவருகிற மாதிரி கொண்டுவந்தார். கையால் தொடாதே என்று மட்டும் அவளிடம் சொன்னார்.

அவள் தொடவில்லை. அதை நான் என் கண்ணால் பார்த்தேன். பூஜை அலமாரிக்கு முன் புத்தகம், தையல் மிஷின், அவருடைய சுத்தியல் ஸ்பானர் எல்லாம் பொட்டு வைத்துக்கொண்டு அமர்ந்திருக்க, நடுவில் துணியை விரித்து அந்தக் குழாய். ஹம்சா சந்தனத்தைக் குழைத்து, ஒரு தீக்குச்சியின் முனையால் தொட்டுத் தொட்டு, விரல் படாமல், வளைவுக்கு ஒன்றாகப் பொட்டு வைத்தாள். அதன்மேல் அதே குச்சியால் குங்குமம். எவ்வளவு ஜாக்கிரதை பாருங்கள். மூச்சு வாங்கியது. நான் வைக்கட்டுமா என்று கேட்டேன், கொடுக்கவில்லை. மௌலி பக்கத்தில்தான் நின்றார். கைதான் படக்கூடாது, சந்தனம் படலாம் என்று அவரும் நினைத்தார்போலும். அல்லது எதையும் நினைக்காமல் கன்னத்தில் போட்டுக்கொண்டார். நாங்கள் மூன்று பேரும் சுண்டல் சாப்பிட்டோம். மறுநாள் காலை ஹம்சா ஈரத்துணியால் பொட்டுகளைத் துடைத்துக் கொடுத்தனுப்பினாள்.

கோட்டிங் பிரமாதமாக வந்தது. வெள்ளிச் சாம்பல் நிறத்தில், தடவிப் பார்க்கத் தோன்றும் அளவுக்கு வழவழவென்று. மௌலி அதைப் படமெடுத்துப் பிளாக்கில் எல்லோருக்கும் அனுப்பினார். உறையை இன்னும் மாட்டாமல் இன்ஜினில் பூட்டி, தரையில் நிறுத்தியபடியே ஓட்டிப் பார்க்க ஹரியானா போனார்.

சாயங்காலம் திரும்பி வந்தபோது முகமே சரியில்லை. நான் அப்போது மாடியில் ஹம்சாவுக்கு ரசம் சுட வைத்துக்கொண்டிருந்தேன். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதையாகிவிட்டது என்றார். இன்ஜின் சூடேறியதும் கோட்டிங் வட்ட வட்டமாகக் கொப்பளித்து உரிந்துவிட்டதாம். வேறெங்கும் இல்லை, வளைவுக்கு ஒன்றாக. ஹம்சாவுக்கு உடனே புரிந்துவிட்டது. எழுந்திருக்கப் பார்த்தாள். அவர் விடவில்லை.

"நீ பொட்டு வெச்ச இடம்தான் எல்லாமே. தொடாதேன்னு சொன்னா சந்தனத்தைக் குழைச்சு அப்பினியே. இனி எல்லாத்தையும் உரிச்சுட்டு முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். உனக்குத்தான் நாளில்லை, தெரியறதோன்னோ?"

நாக்கில் நரம்பில்லாமல் பேசுவது என்பது இதுதான். அவரே பயந்துபோய் வாயை மூடிக்கொண்டார். நான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, நீங்களும்தானே பக்கத்தில் நின்று கும்பிட்டீர்கள் என்று கேட்டேன். அன்றிரவே அவளிடம் மன்னிப்புக் கேட்டாராம். மறுநாள் குழாயைத் தூக்கிக்கொண்டு மாயாபுரி போனார். உரித்து, மறுபடி அடித்துச் சுட்டு எடுக்கச் சில நாள் போதும், தீபாவளிக்கு மறுநாளே புகைக்கு மேலே போய்விடலாம் என்றுதான் நாங்கள் நினைத்தோம்.

மாயாபுரியிலிருந்து அவர் வேறு மனிதராகத் திரும்பி வந்தார். கையில் குழாய் இல்லை. ஒரு முழம் மல்லிகை இருந்தது. இந்தக் குழாய் வேண்டாம், பெங்களூரில் ஒருவரிடம் வேறு குழாய் வளைக்கக் கொடுத்திருக்கிறேன், கொஞ்ச நாள் ஆகும் என்றார். ஏன் என்று ஹம்சா கேட்டதற்கு, அப்புறம் சொல்கிறேன் என்று தலையைத் தடவிக் கொடுத்தார். அன்றிலிருந்து அவளிடம் அப்படியொரு கனிவு. கஞ்சி அவரே வைத்தார், கால் பிடித்துவிட்டார். முப்பது வருஷத்தில் செய்யாததையெல்லாம் செய்தார். ஹம்சா அதைப் பார்த்து இன்னும் சுருங்கிப் போனாள். குழாயை அடியோடு கெடுத்துவிட்டேன், மனுஷர் அதைச் சொல்லாமல் மறைத்து என்னை மன்னித்துக்கொண்டிருக்கிறார் என்று அவள் கணக்குப் போட்டுவிட்டாள்.

தீபாவளி போயிற்று. புகை வந்தது. ஹம்சாவுக்கு ஆக்சிஜன் மிஷின் வந்தது. ராப்பகலாக அது மாடியில் உறுமிக்கொண்டிருக்கும் சத்தம் எனக்குக் கீழே கேட்கும். அவள் குரல் கேட்காது. குழாய் வந்துவிட்டதா என்று அவள் அவரைக் கேட்பதையும் நிறுத்திவிட்டாள், என்னிடம்தான் கேட்பாள். குழாய் வந்து, அதற்குக் கோட்டிங்கும் போட்டு, பூட்டி ஓட்டிப் பார்க்கிற நேரத்தில் மூடுபனி பிடித்துக்கொண்டது. தில்லி மார்கழிப் பனியில் பெரிய விமானமே கிளம்பாமல் நிற்கிறது, இது எங்கே போகும்? பனி விலகட்டும் என்று மௌலி ஒவ்வொரு நாளும் ஜன்னலில் போய் நின்றார்.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்கு முன்தினம் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவே நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

"நான் அந்தப் பொட்டை வெக்காம இருந்திருந்தா, இந்நேரம் போயிட்டு வந்திருப்போம் இல்லே? நானே எனக்குக் கெடுத்துண்டுட்டேன் காந்தி. அவருக்கும் கெடுத்துட்டேன்."

அப்படியெல்லாம் இல்லை என்றுதான் நானும் சொன்னேன். வாயில் வந்த சமாதானம். அதில் உண்மை இருக்கிறதா இல்லையா என்று எனக்கே தெரியாது. அவள் கண்ணோரம் நீர் வழிந்து காதுக்குள் இறங்கியது. பொங்கலுக்கு முன்னால் போய்விட்டாள். நிகம்போத் காட் மயானத்திலிருந்து திரும்பும்போது வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. பனி விலகிவிட்டதே என்று மௌலி சொன்னார். அபூர்வா அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

மகளோடு அவர் போகவில்லை. விமானத்தையும் தொடவில்லை. மாடியில் ரம்பச் சத்தம் இல்லை, மிஷின் சத்தம் இல்லை. மதியத் தூக்கத்துக்கு ஆசைப்பட்டவளுக்கு இப்போது தூக்கம் வரவில்லை.

ஜூன் மாதத்தில் மதராசி கேம்ப்பை இடித்தார்கள். டிவியில் பார்த்தேன். புல்டோசர் போகிற பக்கமெல்லாம் தமிழில் அழுகிறார்கள். வீடு கிடைத்தவர்களுக்கும் அது நரேலாவில், ஊரின் அந்தக் கோடியில். இரண்டு நாள் கழித்து ராஜவேல் என் வீட்டுக்கு வந்தான். நரேலாவிலிருந்து மாயாபுரிக்கு வந்துபோக முடியாது ஆன்ட்டி, இங்கே பக்கத்தில் ஒரு ரூம் கிடைக்குமா, மகளை ஜனக்புரி தமிழ்ப் பள்ளியில் சேர்க்க யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டான். முழங்கை வரைக்கும் செங்கல் தூசி. தன் வீட்டுக் கதவைத் தானே கழற்றி எடுத்துவந்து கடையில் சாத்தி வைத்திருப்பதாகச் சொன்னான். விசாரிக்கிறேன் என்றேன், காபி கொடுத்தேன். மாடியை நிமிர்ந்து பார்த்து, சார் எப்படி இருக்கிறார் என்று கேட்டான். இருக்கிறார் என்றேன்.

"அன்னிக்கு மட்டும் அம்மா பொட்டு வெக்கலேன்னா, சாரே இல்ல ஆன்ட்டி. அம்மாவும் அப்பவே போயிருப்பாங்க."

எனக்கு விளங்கவில்லை. அவன் சொன்னான். அன்றைக்கு மௌலி கொண்டுபோன குழாயை மறுபடி மணல் ஊதி உரித்திருக்கிறார்கள். மற்ற பொட்டுக்கடியில் வெறும் இரும்பு. ஒரு பொட்டுக்கடியில், பற்றவைத்த ஓரத்தில், தலைமுடி அளவுக்கு ஒரு கறுப்புக் கோடு. விரிசல். செய்தபோதே இருந்திருக்க வேண்டும், இன்ஜின் சூட்டில் வாய் திறந்திருக்கிறது. அது இருந்தது அந்த உறைக்குள் போகிற பாகத்தில். கோட்டிங் உரியாமல் இருந்திருந்தால் அதன்மேல் உறையைப் போட்டு மூடியிருப்பார்கள். யார் கண்ணிலும் பட்டிருக்காது. ஹம்சாவுக்கு இதமாக இருக்கட்டும் என்று செய்த வெதுவெதுப்பான காற்றோடு இன்ஜின் புகையும் சேர்ந்து வந்திருக்கும். அந்த விஷத்துக்கு வாசனை கிடையாதாம். தூக்கம் வருகிற மாதிரி வந்து ஆளைச் சாய்த்துவிடுமாம். சார் அதைப் பார்த்துக் கடைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார், அம்மாவிடம் நானே சொல்கிறேன் என்று சொன்னார், அம்மா சந்தோஷப்பட்டாங்களா ஆன்ட்டி என்று கேட்டான்.

கோபம் இருக்கிற இடத்தில்தான் குணம் இருக்கும் என்று என்னைச் சமாதானப்படுத்துவார்கள். அன்றைக்கு எனக்கு வந்தது கோபம் மட்டும்தான். ராஜவேல் போனதும் படியேறினேன். மௌலி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். விரிசல் விஷயத்தை ஹம்சாவிடம் சொன்னீர்களா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினார். ஏன் என்று கேட்டேன். ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னார்.

"மேல போனதும் சொல்லணும்னு வெச்சிருந்தேன் மேடம். புகையைத் தாண்டி வெயிலுக்கு வந்தப்பறம், உன் பொட்டாலதான்டி நாம ரெண்டு பேரும் இங்க உக்காந்துண்டிருக்கோம்னு சொல்லணும். அவ மூஞ்சியைப் பாக்கணும். கீழ, அந்த மிஷின் பக்கத்துல வெச்சு அதைச் சொல்ல மனசு வரலை. நாள் இருக்குன்னு நெனச்சேன்."

நான் வாயை மூடிக்கொண்டு இறங்கி வந்திருக்கலாம். முடியவில்லை.

"அவ அழுதா மௌலி சார். எம்புட்டு அழுதா தெரியுமா? பொட்டு வச்சி நானே கெடுத்துக்கிட்டேன்னு சொல்லிக்கிட்டேதான் போனா. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா."

அவருக்கு அது தெரியவே தெரியாது. மன்னிப்புக் கேட்டோம், அவளும் மறந்துவிட்டாள் என்றே நினைத்துக்கொண்டிருந்தார். அவர் முகம் போன போக்கைப் பார்த்ததும் சொல்லியிருக்க வேண்டாமோ என்று எனக்குத் தோன்றியது. ஆனால் ஹம்சா அழுததை யாராவது அவரிடம் சொல்லத்தான் வேண்டும் என்றும் தோன்றியது. இரண்டும் இன்றுவரை எனக்குள் அப்படியேதான் இருக்கின்றன. அவர் எழுந்து குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டார். நான் தண்ணீர்ச் சத்தம் நிற்கும்வரை வாசலில் நின்றுவிட்டு வந்தேன்.

அந்த வருஷம் அவர்கள் வீட்டில் பண்டிகை கிடையாது. ஆயுத பூஜைக்கு ராஜவேல் கடையில் எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்தான். எங்கள் பிளாக்குக்குப் பின்னால் ஒரு அறை பார்த்துக் கொடுத்திருந்தேன். மகளைப் பள்ளியில் சேர்த்தாகிவிட்டது. சுண்டலும் பொரியும் கொண்டுவந்து என்னிடம் ஒரு பொட்டலம், மாடியில் ஒரு பொட்டலம் கொடுத்தான். மௌலி வாங்கிக்கொண்டார். ஹரியானாவில் நிற்கிற விமானத்தின் புதுக் குழாய்க்குப் பொட்டு இல்லை. ஆனால் அதைக் கோட்டிங்குக்குக் கொடுத்தபோதே, பற்றவைத்த ஓரங்களை மட்டும் பூசாமல் வெறும் இரும்பாக விடச் சொல்லியிருந்தாராம். எது நடந்தாலும் கண்ணுக்குத் தெரியட்டும் என்று.

நவம்பரில் புகை பழையபடி இறங்கியது. ஒருநாள் மௌலி விடியற்காலையிலேயே கிளம்பிப் போனார். அதற்கு முன் அக்கம்பக்கம் ஓடுதளத்தைச் சுற்றித் தனியாக ஓட்டிச் சோதித்துவிட்டார் என்பதே எனக்குப் பிறகுதான் தெரியும். மதியம் பார்வை கொஞ்சம் தெளிந்ததும் ஏறினாராம். சாயங்காலம் வந்தவர் மாடிக்குப் போகாமல் நேரே என் பின்முற்றத்துக்கு வந்து, வால் கிடந்த இடத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டார்.

மேலே வெயில் இருந்ததா என்று கேட்டேன். இருந்தது என்றார். கீழே அழுக்குப் பஞ்சைப் பரப்பின மாதிரி புகை, மேலே சுத்தமான நீலம், அவளுக்காகச் செய்த ஹீட்டரும் நன்றாக வேலை செய்தது என்றார். பிறகு அவராகவே சொன்னார்.

"சொல்லிட்டேன் மேடம். பக்கத்து சீட்டைப் பாத்து, உன் பொட்டாலதான்டின்னு சத்தம் போட்டுச் சொன்னேன். இன்ஜின் சத்தத்துல எனக்கே கேக்கலை."

நான் அவருக்கு எதிரில் உட்கார்ந்தேன். அவர்மேல் எனக்கு எத்தனையோ வருஷத்துக் கோபம் உண்டு, மதியத் தூக்கத்திலிருந்து ஹம்சா வரைக்கும். அன்றைக்கு அதைத் தேடிப் பார்த்தேன், வரவில்லை. இருட்டும்வரை இரண்டு பேரும் இருமிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தோம்.